சின்ன ர, பெரிய ற

கண்டக்டர் ஒருவர் பையையும் விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேதம் படிக்கப் போனார்.

அவர் பெயர் சுவிசேஷமுத்து. வயது நாற்பத்தைந்து. இவன் ஒருநாள் பிரசங்க பீடத்தில் ஏறுவான் என்று நேர்ந்துகொண்டுதான் அவருடைய அப்பா அந்தப் பெயரை வைத்தாராம். ஆனால் மகன் ஏறினது பஸ்ஸில். ஏறினவர் இருபது வருஷம் இறங்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயிலில் இருந்து எல்லாரும் போன பிறகும் அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கோயிலைக் கூட்டுகிறவர் விளக்குமாற்றோடு வந்து நின்றார்.

"என்ன கண்டக்டரே, ஸ்டாப்பு வந்துட்டு. இறங்கலையா?"

"இல்லய்யா. நான் இங்கேயே இருந்துடலாம்னு பார்க்கேன்."

விளையாட்டுக்குச் சொன்னது மாதிரி இருந்தது. ஆனால் சொன்ன பிறகுதான் அது விளையாட்டு இல்லை என்று அவருக்கே தெரிந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், வேதம் படிக்கப் போவதாக மனைவியிடம் சொன்னார்.

சொர்ணம் மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"போறதுன்னா போங்க. ஆனா பாதி வழியில இறங்கி வந்துராதீங்க."

அப்படித்தான் அவர் இறையியல் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே மற்ற மாணவர்கள் எல்லாம் மீசை முளைத்துக்கொண்டிருந்த பையன்கள். இவருக்கு மீசை நரைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் இவரை அண்ணாச்சி என்றார்கள். பாடம் நடத்திய பியூலா அம்மாவும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். அவர் இவரைவிடப் பத்து வயது இளையவர். மெலிந்த உடம்பு, எப்போதும் மூக்கில் வழுக்குகிற கண்ணாடி. கிரேக்க மொழியும், ஆராதனை நடத்துகிற முறையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் பல நேரம் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்.

சுவிசேஷமுத்துவுக்கு எல்லாமே அதிசயமாக இருந்தது. கிரேக்க எழுத்தைப் படித்தால் அதிசயம். ஒரு வார்த்தைக்கு உள்ளே இன்னொரு வார்த்தை இருந்தால் அதிசயம். புதிதாக ஒன்று புரிந்தால் அவருடைய கை தானாகவே சட்டைப்பைக்குப் போய் விசிலைத் தேடும். ஒருநாள் பியூலா அம்மா ஒரு வசனத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, சந்தோஷம் தாங்காமல் வகுப்பிலேயே கத்திவிட்டார்.

"போலாம் ரைட்!"

வகுப்பு சிரித்ததில் ஓடு அதிர்ந்தது.

கிங்ஸ்லின் என்று ஒரு பையன். நன்றாக ஆர்மோனியம் வாசிப்பான், அதைவிட நன்றாகக் கேலி பேசுவான். அவன் எழுந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒரு அரை டிக்கெட் குடுங்க. நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கிடுதேன்."

அன்றைக்கு சுவிசேஷமுத்துவும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அறைக்குப் போன பிறகு வெட்கமாக வந்தது. இந்தக் கண்டக்டர் புத்தி என்றைக்கு நம்மை விட்டுப் போகுதோ அன்றைக்குத்தான் நாம் ஊழியக்காரன் என்று நினைத்தார். அதற்குப் பிறகு அந்த வார்த்தை வாய்வரைக்கும் வரும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்று வருஷம் கடித்தார்.

மூன்றாம் வருஷக் கடைசியில்தான் பெரிய பரீட்சை. அது தாளில் எழுதுகிற பரீட்சை இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கிராமத்துக் கோயிலில் ஆராதனை நடத்த வேண்டும். கோயில்களை எல்லாம் நிர்வகிக்கிற திருமண்டலத்தில் இருந்து ஒரு குழு வந்து உட்கார்ந்து கேட்கும். அவர்கள் சரி என்றால் போதகராக ஒரு சபையைக் கொடுத்து அனுப்புவார்கள். இல்லை என்றால் இல்லைதான். பையன்கள் அடுத்த வருஷம் மறுபடி வரலாம். சுவிசேஷமுத்துவுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. திரும்பிப் போக வேலையும் இல்லை. விசிலைக் கொடுத்தாயிற்று.

அவருக்குத் தயவுபுரம் என்ற ஊர் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை.

புதன்கிழமை கல்லூரிக் கோயிலில் ஒத்திகை நடந்தது. நடத்துகிறவர் ஒவ்வொரு விண்ணப்பமாகச் சொல்வார். சபையார் ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலைச் சேர்ந்து சொல்வார்கள். அந்தப் பதிலைக் கரும்பலகையில் முதலிலேயே எழுதிப் போட வேண்டும்.

சுவிசேஷமுத்து சாக்பீஸை எடுத்தார். கை பறந்தது. கடைசி பெஞ்சில் இருக்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதினார்.

ஆண்டவரே, எங்களுக்கு இறங்கும்.

எழுதிவிட்டுத் திரும்பினார். யாரும் வாசிக்கவில்லை. ஒருத்தன் இருமினான். இன்னொருத்தன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டான். கிங்ஸ்லின்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்."

"கேளு தம்பி."

"ஆண்டவர் எந்த ஸ்டாப்புல இறங்கணும்?"

சுவிசேஷமுத்து திரும்பிப் பலகையைப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது. இரங்கும் என்று சின்ன ர போட வேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருந்தார். மனம் இரங்கும் என்று கேட்பதற்குப் பதிலாக, கீழே இறங்கும் என்று ஆண்டவருக்கே சொல்லிவிட்டார். இருபது வருஷம் சொன்ன வார்த்தை, கை தானாக எழுதிவிட்டது.

"படிக்கட்டுல நிக்காம சட்டுனு இறங்கச் சொல்லுங்க அண்ணாச்சி!" என்றான் இன்னொருத்தன். கோயில் என்றும் பார்க்காமல் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சுவிசேஷமுத்துவுக்குக் காது சுட்டது. அழிப்பதற்கு டஸ்டரை எடுத்தார்.

"இருக்கட்டும்," என்றார் பியூலா அம்மா. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த எழுத்து சரி அண்ணாச்சி?"

"சின்ன ரம்மா."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இரங்குறதுன்னா மனசு இளகுறது. இறங்குறதுன்னா மேல இருந்து கீழ வர்றது."

"அது அர்த்தம். நான் வித்தியாசம் கேட்டேன்."

"அதைத்தானம்மா சொன்னேன்."

பியூலா அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுவிசேஷமுத்து பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, அம்மா! கிரேக்கத்துல என்னம்மா போட்டிருக்கு? சின்ன ரவா, பெரிய றவா?"

"கிரேக்கத்துல அந்த வார்த்தையில ரெண்டுமே கிடையாது அண்ணாச்சி."

"அப்போ வித்தியாசத்தை நீங்களே சொல்லிருங்கம்மா. ஞாயித்துக்கிழமை குழுவுல கேட்டாங்கன்னா நான் முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது பாருங்க."

"நானும் படிச்சிக்கிட்டுதான் இருக்கேன்," என்றார் பியூலா அம்மா.

அடுத்த மூன்று நாளும் சுவிசேஷமுத்து வாயை இறுக்கி வைத்துப் பழகினார். குளிக்கும்போது இரங்கும். சாப்பிடும்போது இரங்கும். நாக்கு நுனி மேலே பட்டும் படாமல், மெதுவாக, பூவைத் தொடுகிற மாதிரி. இரங்கும். இரங்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மூன்று பேர் புறப்பட்டார்கள். நடத்துவதற்கு சுவிசேஷமுத்து, ஆர்மோனியம் வாசிக்கக் கிங்ஸ்லின், உடன் பியூலா அம்மா. ஆராதனை நடத்துகிறவர்கள் போடுகிற வெள்ளை அங்கியைக் கோயிலுக்குப் போய்த்தான் போட வேண்டும். சுவிசேஷமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. விடுதியிலேயே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கழுத்தில் இருந்து கணுக்கால் வரைக்கும் வெள்ளை. சொர்ணம் நீலம் போட்டு, இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தாள்.

"பையில வையுங்க அண்ணாச்சி. பஸ்ல அழுக்காகும்," என்றார் பியூலா அம்மா.

"பையில வச்சா கசங்கிரும்மா."

"ஆசையா இருக்குன்னு சொல்லுங்க," என்றான் கிங்ஸ்லின்.

"ஆசையாத்தாம்லே இருக்கு! இப்ப என்னங்கிற?"

பஸ் வந்தது. நல்ல கூட்டம். சுவிசேஷமுத்து ஏறினதும் ஒரு காரியம் நடந்தது. முருங்கைக்காய்க் கட்டோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், வெள்ளை அங்கியைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டார்.

"சாமி, நீங்க உக்காருங்க."

"ஐயோ வேண்டாங்க, நான் நின்னு பழக்கம்."

"நாங்க இருக்கும்போது சாமி நிக்கலாமா? உக்காருங்க."

சுவிசேஷமுத்து உட்கார்ந்தார். இருபது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றவர் அவர். ஜன்னல் ஓரத்துச் சீட்டில் இப்படிக் காற்று வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் வந்தார். இளவயசு, காதோரம் பேனா. டிக்கெட் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார். தன்னை யாரும் கண்டக்டர் என்று கண்டுபிடிக்கவில்லை என்பதில் சுவிசேஷமுத்துவுக்கு ஒரே குதூகலம். சொர்ணம் பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

செம்மண் தேரி என்கிற மணல்மேட்டில் ஏறுகிற இடத்தில் பஸ் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

டிரைவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தமே இல்லை. சுற்றிலும் முள்ளடர்ந்த உடைமரமும் மணலும்தான். வெயில் ஏறியிருந்தது.

"பேட்டரி போச்சு! தள்ளினாத்தான் எடுக்கும்!" என்று டிரைவர் கத்தினார்.

"எல்லாரும் இறங்குங்க! இறங்குங்க, இறங்குங்க!" என்றார் கண்டக்டர். "ஆம்பளைங்க தள்ளுங்க. பொம்பளைங்க இறங்கி நின்னாப் போதும்."

பஸ்ஸில் இருந்த கூட்டம் முனகிக்கொண்டே இறங்கியது. சுவிசேஷமுத்துவும் பாதி எழுந்தார். கண்டக்டர் ஓடி வந்து தடுத்தார்.

"சாமி, நீங்க எதுக்கு? வெள்ளை உடுப்பு. நீங்க உக்காந்து ஜெபம் பண்ணுங்க, அது போதும் எங்களுக்கு."

முருங்கைக்காய்ப் பெரியவர் தன் கட்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

"அப்படியே இதையும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க சாமி."

சுவிசேஷமுத்து அங்கியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். குழு வந்து உட்கார்ந்திருக்கும். அழுக்கு அங்கியோடு போய் நின்றால் மூன்று வருஷமும் போச்சு. கண்டக்டர் சொல்வதும் சரிதானே. அவரவருக்கு ஒரு வேலை.

அவர் உட்கார்ந்தார். காலி பஸ்ஸில் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்த ஜனங்களுக்கு இரங்கும்."

அருமையாக வந்தது. நாக்கு ஒரு இடத்திலும் இடறவில்லை.

"வெயிலில் நிற்கிறவர்களுக்கு இரங்கும். வண்டி ஓட்டுகிறவருக்கு இரங்கும். தள்ளுகிற கைகளுக்கு இரங்கும்."

உள்ளம் உருகியது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. வெளியே "ஐலசா" என்று சத்தம் கேட்டது. பஸ் ஒரு முழம் நகர்ந்து, அதே ஒரு முழம் பின்னால் வந்தது. மறுபடி சத்தம். மறுபடி ஒரு முழம் முன்னால், ஒரு முழம் பின்னால். தொட்டிலில் போட்ட மாதிரி அவர் ஆடினார்.

என்ன செய்கிறார்கள் என்று திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பியூலா அம்மாவின் முகம் தெரிந்தது.

பெண்கள் எல்லாம் மர நிழலில் நின்றார்கள். பியூலா அம்மா மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்களுக்கு நடுவில் பஸ்ஸில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிவரைக்கும் இறங்கிவிட்டது. அதைத் தள்ளிவிடக் கை இல்லை. முகத்தைச் சுளித்துச் சுளித்து மேலே ஏற்றப் பார்த்தார். அது ஏறவில்லை. அவர் பஸ்ஸுக்குள் பார்க்கவே இல்லை. யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாதவர் மாதிரி இருந்தது.

பக்கத்தில் கிங்ஸ்லின். அந்தப் பக்கம் முருங்கைக்காய்ப் பெரியவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தள்ளினார்.

"ஆண்டவரே, அம்மாவுக்கும் இர..." என்று ஆரம்பித்தார் சுவிசேஷமுத்து.

காலி பஸ்ஸில் அவர் குரல் அவருக்கே கேட்டது.

மடியில் இருந்த கட்டைச் சீட்டில் வைத்தார். ஒரே எட்டில் படிக்கட்டைத் தாண்டிக் குதித்தார். மணலில் கால் புதைந்தது. அங்கியின் கீழ்ப்பாதியைச் சுருட்டி இடுப்பில் செருகினார். ஓடிப்போய் பியூலா அம்மாவுக்கும் கிங்ஸ்லினுக்கும் நடுவில் தோளைக் கொடுத்தார்.

"சாமி! உடுப்பு, உடுப்பு!" என்று கண்டக்டர் அலறினார்.

"உடுப்பு கிடக்கட்டும் தம்பி! ஆளுக்கொரு நேரம் தள்ளினா ஆட்டுக்குட்டிகூட நகராது! ஏ, எல்லாரும் கேளுங்க! நான் சொல்லும்போதுதான் தள்ளணும். சேர்ந்து தள்ளணும். டிரைவர் அண்ணே! செகண்ட் கியர்ல போட்டு கிளச்சை மிதிச்சுக்கோங்க. நான் தகரத்துல தட்டும்போது விடுங்க!"

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சாமி எந்த டிப்போ?"

சுவிசேஷமுத்து தோளை இன்னும் அழுத்திக் கொடுத்தார். மூச்சைப் பிடித்தார். பெண்களும் இப்போது ஓடி வந்து கை வைத்தார்கள். "சாமியே தள்ளும்போது நாங்க மட்டும் என்ன?" என்று ஒருத்தி சிரித்தாள். பஸ் ஒரு முழம் நகர்ந்தது. இரண்டு முழம். பின்னால் வரவில்லை. மணலைக் கீறிக்கொண்டு சக்கரம் உருண்டது. ஓட ஆரம்பித்தார்கள். சுவிசேஷமுத்து தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். மூன்று வருஷம் நாக்கைக் கடித்துக் கடித்து உள்ளே வைத்திருந்தது, அடிவயிற்றில் இருந்து கிளம்பி வந்தது.

"போலாம்ம்ம்... ரைட்!"

பஸ் உறுமியது. கரும்புகை எல்லார் மூஞ்சியிலும் அடித்தது. தேரிக்காடே கேட்கிற மாதிரி ஒரு கூச்சல். ஒருத்தர் முதுகில் ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள். அணைத்தால் மறுபடி எடுக்காது என்று டிரைவர் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தார். ஆட்கள் ஓடி ஓடி ஏறினார்கள்.

சுவிசேஷமுத்து படிக்கட்டுப் பக்கத்தில் கூடவே ஓடினார். கிழவியைக் கை கொடுத்து ஏற்றினார். பிள்ளைக்காரியை ஏற்றினார். முருங்கைக்காய்ப் பெரியவரை அப்படியே தூக்கி உள்ளே வைத்தார். பியூலா அம்மா ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். கிங்ஸ்லின் ஏறினான்.

"உள்ள போங்க, உள்ள போங்க! உள்ள இடம் கிடக்கு! பின்னாடி ஆள் வருதுல்லா!"

எல்லாரும் ஏறின பிறகு கடைசியாகக் கம்பியைப் பிடித்துத் தொற்றினார். அங்கி காற்றில் படபடத்தது. கண்டக்டர் அவருக்கு முன்னால் இடம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"சாமி."

"என்ன தம்பி?"

"இது என் இடம் சாமி."

பஸ் முழுக்கச் சிரித்தது. சுவிசேஷமுத்துதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

தயவுபுரம் கோயிலில் கடைசி மணியும் அடித்து ஓய்ந்துவிட்டது. குழுத் தலைவர் தங்கப்பழம் ஐயா வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்த போதகர். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவிசேஷமுத்துவைப் பார்த்தார். தோளில் பஸ்ஸின் அழுக்கு ஒரு பட்டையாக அப்பியிருந்தது. நெஞ்சில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கறுப்புக் கை. அது யாருடைய கை என்றே தெரியாது.

"நீர்தானா இன்னைக்கு நடத்துறது?"

"ஆமாய்யா."

"உள்ளே போம்."

கை கழுவ நேரம் இல்லை. பலகைக்கு முன்னால் போய் நின்றார். சாக்பீஸை எடுத்தார்.

ஆண்டவரே, எங்களுக்கு இ...

கை நின்றுவிட்டது.

எந்த எழுத்து என்று அவருக்குத் தெரியும். மூன்று நாளாக வேறு எதையும் அவர் படிக்கவில்லை. ஆனால் கை நகரவில்லை. திரும்பிப் பார்த்தார். பியூலா அம்மா இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. முதல் பெஞ்சில் குழு உட்கார்ந்திருந்தது.

சின்ன ர போட்டார். இரங்கும் என்று எழுதி முடித்தார்.

எழுதி வைத்திருந்த விண்ணப்பங்கள் பையில் இருந்தன. பை பஸ்ஸிலேயே போய்விட்டது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறகு கண்ணை மூடாமல், எதிரே இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"நடுவழியில் வண்டி நின்றுபோனவர்களுக்காக."

சபை பதில் சொன்னது. ஆண்டவரே, எங்களுக்கு இரங்கும்.

"இடுப்பு வலியோடு தள்ளுகிறவர்களுக்காக."

ஆண்டவரே, எங்களுக்கு இரங்கும்.

"உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக."

ஒருகணம் தாமதித்துத்தான் பதில் வந்தது. ஆனால் முன்னைவிட உரக்க வந்தது. அந்த ஊர்ப் பேச்சில் சின்ன ரவும் பெரிய றவும் காதுக்கு ஒன்றுதான். நூறு தொண்டைகள் சேர்ந்து சொன்னபோது, அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று சுவிசேஷமுத்துவுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு அப்பா நேர்ந்துகொண்ட பீடத்தில் ஏறினார். அதன் வெள்ளை விரிப்பில் அவர் கை வைத்த இடமெல்லாம் கறுப்பாயிற்று.

ஆராதனை முடிந்ததும் தங்கப்பழம் ஐயா அவரைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். பியூலா அம்மாவும் கூட வந்தார். கிங்ஸ்லின் கதவு இடுக்கில் நின்றான்.

"என்ன ஓய் கறை இது?"

"பஸ்ஸு நின்னுட்டுய்யா. தள்ளினோம்."

"அங்கியோடவா?"

"ஆமாய்யா."

"கழத்தி வச்சிட்டுத் தள்ளக் கூடாதா?"

"மறந்துட்டேன்யா."

"எதை மறந்தீரு?"

"அங்கி போட்டிருக்கிறதை."

தங்கப்பழம் ஐயா தாடையைத் தடவிக்கொண்டார். கூட இருந்த மற்ற இருவரையும் பார்த்தார்.

"பலகையில் எழுதும்போது ஒரு இடத்துல நின்னீரே. எழுத்து மறந்துட்டா?"

"இல்லய்யா. எழுத்து தெரியும்."

"எது சரி?"

"சின்ன ரய்யா."

"பிறகு என்ன யோசனை?"

சுவிசேஷமுத்து வாயைத் திறந்தார். மூடினார். முழித்துக்கொண்டு நின்றார். எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துவிட்டது.

தங்கப்பழம் ஐயா எழுந்து பக்கத்தில் வந்தார். அந்தக் கறுப்புக் கைத்தடத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். அளவு சேரவில்லை.

"ஒத்தப்பனைன்னு ஒரு ஊரு," என்றார். "இருபது வீடு. போன போதகர் ஒரு மாசம்கூட இருக்கல்ல. தேரிக்கு அந்தப் பக்கம். பஸ் கிடையாது, நடந்துதான் போகணும். போவீரா?"

சுவிசேஷமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. கதவு இடுக்கில் இருந்து கிங்ஸ்லின்தான் கத்தினான்.

"அண்ணாச்சி, சபை குடுத்துட்டாங்க! ஆமான்னு சொல்லுங்க! பஸ்ஸே போகாத ஊருக்குக் கண்டக்டர போட்டுட்டாங்க!"

"போறேன்யா," என்றார் சுவிசேஷமுத்து. "இப்பவே போறேன்யா!"

"இப்ப வேண்டாம். முதல்ல போய்க் கையைக் கழுவும்."

மத்தியானம் மூன்று பேரும் திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக வேப்பமரத்தடியில் நின்றார்கள். யாரிடமோ போனை வாங்கிச் சொர்ணத்திடம் சொல்லியாயிற்று. அவள் அழுதுவிட்டு, உடனே அங்கியைப் பற்றிக் கேட்டாள். இவர் பேச்சை மாற்றிவிட்டார். கிங்ஸ்லின் ஆர்மோனியப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, முகத்தில் இருந்த புகைக்கரியைத் துடைத்துத் துடைத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். சுவிசேஷமுத்துவுக்கு நிற்க முடியவில்லை. ரோட்டுக்குப் போவதும் மரத்தடிக்கு வருவதுமாக இருந்தார்.

கடைசியில் பியூலா அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, புதன்கிழமை ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லல. இப்ப அதை வேற மாதிரி கேக்கட்டுமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

சுவிசேஷமுத்து நாக்கைச் சரிபண்ணிக்கொண்டார். இரண்டு எழுத்தும் இரண்டாகவே கேட்கும்படி, ஒவ்வொன்றாக, கவனமாகச் சொன்னார்.

"ஆண்டவர் நமக்கு இரங்கினாரா, இறங்கினாரா?"

தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. பியூலா அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"சீட்டுல உக்காந்துகிட்டே இரங்கலாம் அண்ணாச்சி," என்றார். "பஸ்ஸுதான் நகராது."